பிழை பொறுக்க

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளைஞர், "உங்கள் முதற் கவிதை நூல் வெளிவந்த வரலாற்றை எழுதிக் கொடுங்கள், ஐயா" என்றார். வரலாறு என்று சொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? 41 கவிதைகள், 64 பக்கங்கள், 500 படிகள். அச்சான ஆண்டு 1988. அவ்வளவே. ஆனால் அந்நூலில் உள்ள மிகப் பழைய கவிதை 1970ஆம் ஆண்டு எழுதப்பட்டது. இடைப்பட்ட 18 ஆண்டுகளும் அக்கவிதைகள் என் கட்டிலின் கீழே ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால், திருந்திக்கொண்டிருந்தன என்றுதான் விடை சொல்ல வேண்டும்.

அந்தத் தகரப் பெட்டி 1969ஆம் ஆண்டு என்னோடு ஹௌரா நிலையத்தில் வந்திறங்கியது. டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர் வேலை. லேக் மார்க்கெட்டின் பின்புறச் சந்தில் இரண்டு அறை கொண்ட குடியிருப்பு. இந்நகருக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலருக்கும் அதுதானே முதல் துறைமுகம்! காலையில் வறுபடும் காப்பிக்கொட்டையின் மணம், வாழையிலைக் கட்டு, தொடுத்த மல்லிகை, கறிவேப்பிலை என்று ஒரு சிறு தமிழ்நாடே அங்கே நடைபாதையில் விரிந்து கிடக்கும். பத்தடி தள்ளி நடந்தால் வங்காளம். மீன் கடையும் மிஷ்டிக் கடையும் திண்ணைப் பேச்சும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, காவிரிக்கரையில் விட்டுவந்த சிற்றூரை நினைத்து எழுதத் தொடங்கியவன் நான். அலுவலகத்தில் பயன்பட்டுக் கழிந்த படிவங்களின் பின்பக்கம்தான் எனக்குக் கவிதை ஏடு.

எழுதுவதில் எனக்குத் துன்பமில்லை. எழுதியபின் தொடங்குவதுதான் துன்பம். மதுரைச் சங்கத்தில் இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரரைப் பற்றித் திருவிளையாடற் புராணத்தில் படித்திருக்கிறோம். அவருடைய தூரத்து உறவினர் ஒருவர் எனக்குள்ளே குடியிருந்தார். ஒரு கவிதையை எழுதி முடித்துத் தூய படி எடுத்து வைத்தால், மறுநாள் அவர் விழித்துக்கொள்வார். இங்கே எதுகை வலிந்து வந்திருக்கிறது என்பார். அங்கே சொல் தேய்ந்துபோயிருக்கிறது என்பார். மீண்டும் அடித்து எழுதுவேன். ஆடிப்பெருக்கன்று என் பாட்டி காவிரியில் காதோலை கருகமணியை விட்டதைப் பற்றிய ஒரு கவிதைக்கு 19 வடிவங்கள் உண்டு. எண்ணிப் பார்த்தே சொல்கிறேன்.

இந்த வேடிக்கையும் கேளுங்கள். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்ததல்லவா? துதிக்கை போன்ற கொம்போடு எழுதிவந்த 'லை'யும் 'னை'யும் 'ணை'யும் புது வடிவம் பெற்றன. அது எனக்கு நல்லதொரு சாக்காயிற்று. கையெழுத்துப் படிகள் அனைத்தையும் புது எழுத்தில் மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாமென்று முடிவு செய்தேன். மாற்றும்போது ஒவ்வொரு கவிதையையும் படிக்க வேண்டும். படித்தால் திருத்த வேண்டும். அப்படியே நான்கு ஆண்டுகள் ஓடிப்போயின.

அந்நாளில் நம் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்மீது அன்பு கொண்டவர். தென்கிழக்கு ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தமிழை முறையாகக் கற்றவர். ஒருமுறை என்னிடம் சற்றுக் கடுமையாகவே பேசினார். "தம்பி, கம்பனே அவையடக்கம் பாடித்தான் தொடங்குகிறான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நம் மரபில் ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உமக்கு மட்டும் அந்த இடம் வேண்டாமா? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஐயமெல்லாம் தீர்ந்தபின் அச்சிடலாமென்று உட்கார்ந்திருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்குமா? பின்னால் கண்ட திருத்தங்களை 1907இல் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். முதற் பதிப்பே இல்லாமல் இரண்டாம் பதிப்பு எங்கிருந்து வரும்?"

விடை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆயினும் விடையற்றுப்போவதும் மனம் மாறுவதும் வேறு வேறு. கம்பனின் அவையடக்கத்தைக் கம்பன் பாடலாம்; பத்தாயிரம் பாட்டுக்கு மேல் பாடியவனுக்கு அது அழகு. 41 கவிதை எழுதியவன் பிழையோடு வந்து நின்றால் அது அடக்கமா, அலட்சியமா? இப்படித்தான் அன்று என் எண்ணம் ஓடியது. இப்போது நினைத்தால், அந்த எண்ணத்துக்குள் ஒளிந்திருந்தது அடக்கமன்று, செருக்கே என்று தோன்றுகிறது. குற்றமே இல்லாத நூலை நான் எழுதிவிட முடியும் என்று நம்பியிருந்தேனே!

நிற்க. என்னோடு அலுவலகத்தில் பணியாற்றிய வங்காள நண்பர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், 'தாதா' என்றே அழைப்பேன். அவரும் கவிதைப் பித்தர். ஒரு மாலை நாங்கள் இருவரும் ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்து வருகையில், தேசப்பிரிய பூங்காவுக்கு அருகே என் தோளைத் தொட்டு நிறுத்தினார். டிராம் பாதையைச் சுட்டிக்காட்டி, "ஜீவனானந்தர் அடிபட்ட இடம் இதுதான்" என்றார். நாள்தோறும் காய்கறிப் பையோடு நான் கடந்துபோகும் இடம் அது.

கவிஞர் ஜீவனானந்த தாசைப் பற்றி இங்கு வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். பெற்றோர் பலருக்குத் தெரிந்திராது. பரிசாலில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய 'வனலதா சென்' 1942இல் பதினாறு பக்கச் சிறு நூலாக முதலில் வெளிவந்தது. 'ஒரு பைசாவுக்கு ஒரு கவிதை' என்னும் வரிசையில் அதை வெளியிட்டவர் புத்ததேவ போஸ். அவருடைய 'கவிதா பவன்' இருந்ததும் இதே ராஷ்பிஹாரி அவென்யூவில், 202ஆம் எண் வீட்டில்தான். நாம் இட்லிக்கு அரிசி வாங்கிய தெருவில் வங்கக் கவிதை தன் புதுப் பாதையைக் கண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது இன்றும் எனக்குச் சிலிர்ப்பு உண்டாகும். 1954 அக்டோபர் 14ஆம் நாள் மாலை, நடந்துகொண்டிருந்த ஜீவனானந்தரின் மீது டிராம் மோதியது. எட்டு நாள் கழித்து, 22ஆம் நாள், சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது 55.

தாதா அதன் பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. அவர் வாழ்ந்தபோது வெளிவந்த கவிதை நூல்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. பெட்டிகளில் விட்டுச் சென்றதோ கணக்கற்றது. நாவல்கள், சிறுகதைகள், ஏடு ஏடாகக் கவிதைகள். 1934ஆம் ஆண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிய கவிதைகளை இருபது ஆண்டுகள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் 1957இல் அவை 'ரூபசி பாங்ளா' என்னும் நூலாயின. அதன் அட்டையை வரைந்தவர் சத்யஜித் ராய். 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, தங்கள் மண்ணின் முகத்தை மக்கள் அந்தக் கவிதைகளில்தான் கண்டார்கள். பெட்டியில் இருந்தவற்றையெல்லாம் படித்துப் படியெடுத்து வெளிக்கொணர அவருடைய குடும்பத்தாரும், மருத்துவரும் கவிஞருமான பூமேந்திர குஹா போன்ற அன்பர்களும் இருந்தார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஜீவனானந்தரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் அறியாமை எனக்கில்லை. என் கவலை வேறு. கட்டிலுக்கடியில் எனக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. நாளை எனக்கு ஒன்று நேர்ந்தால் அதைத் திறந்து படிக்கப்போகிறவர் யார்? என் மனைவி நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள்; என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலமும் வங்காளமும். அவர்களுக்கு என் கவிதையும் பழைய பால் கணக்கும் ஒன்றே. ஜீவனானந்தரின் பெட்டி அவருடைய மொழி வழங்கும் ஊரில் இருந்தது. என் பெட்டி அப்படியன்று.

இவ்வளவு தெரிந்தும் நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் திருத்த உட்காரும்போதெல்லாம் பாரதியாரின் நினைவு வந்து உறுத்தும். இந்நகரத்தின் டம்டம் பகுதியில்தான் அவர் நிவேதிதை அம்மையாரைக் கண்டார். 1908இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். அவருடைய நூல் வெளியீட்டுக் கதை எவ்வளவு துயரமானது! பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912இல் வந்தது. இரண்டாம் பாகம் வந்தது 1924இல், அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து. 1920ஆம் ஆண்டு தம் எழுத்து முழுவதையும் 40 பகுதிகளாக, பகுதிக்குப் பத்தாயிரம் படிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டுப் பொருளுதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அவரும் இல்லை. அச்சேற்ற அவர் தவித்தார், பணமில்லை. எனக்கோ, ஒரு சிறு நூலுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இருந்தது, தவிப்புத்தான் இல்லை.

சுரங்க ரயில் டாலிகஞ்ச் வரை நீண்ட 1986ஆம் ஆண்டில் அது நடந்தது. சங்கத்தின் பாரதி விழாவில் சிறுவர் நிகழ்ச்சி. பத்து வயதான என் மகள் ஏதோ ஒப்பிக்கப்போகிறாள் என்று மட்டும் தெரியும். பாரதியார் பாட்டாக இருக்கும் என்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அவள் மேடையேறி ஒரு தாளைப் பிரித்துப் படிக்கலானாள். முதலடியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. அது என் ஆடிப்பெருக்குக் கவிதை!

இரவு நேரங்களில் நான் ஒவ்வொரு வடிவத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது வழக்கம். அடுத்த அறையில் படுத்திருந்தவள் அதைக் கேட்டுக் கேட்டு, தனக்குத் தெரிந்த வங்க எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வங்க எழுத்தில் நம் வகரத்துக்குத் தனி எழுத்து இல்லை. லகர ளகர ழகரம் மூன்றுக்கும் ஒரே எழுத்து. ரகர றகரமும் அவ்வாறே. அந்தத் தாளிலிருந்து அவள் படித்தபோது ஆறு 'பளிந்து' ஓடியது. பாட்டி 'பிலக்கு' ஏற்றினாள். அதைவிட எனக்கு வேதனை தந்தது, அவள் படித்தது நான் எப்போதோ தள்ளிவிட்ட மூன்றாம் வடிவம் என்பதுதான். அதற்கு மேல் 16 முறை உழைத்திருக்கிறேனே!

தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த முதிய அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1940களில் மணமாகி இந்நகருக்கு வந்தவர் என்று பின்னர் அறிந்தேன். என் பக்கம் திரும்பி, "யார் எழுதினதுப்பா இது? எங்க ஊர் படித்துறையை அப்படியே சொல்லுதே. புஸ்தகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

"புத்தகம் இல்லை, அம்மா" என்றேன்.

"ஏன்?"

அந்த 'ஏன்' என்பதற்கு நக்கீரரின் உறவினர் உட்பட எங்கள் இருவரிடமும் விடையில்லை. வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து மூன்றாம் வடிவத்தைத் தேடி எடுத்தேன். பத்தொன்பதாம் வடிவத்தின் அருகில் வைத்துப் பார்த்தேன். பின்னதில் யாப்பு செப்பமாக இருந்தது. படித்துறை இல்லை. ஏழாவது திருத்தத்திலோ எட்டாவது திருத்தத்திலோ அதை நான் வெட்டியிருக்கிறேன்.

அந்த வாரமே சென்னையில் ஓர் அச்சகத்துக்கு எழுதினேன். கையால் எழுத்துக் கோத்து அச்சிடும் அச்சகம். 41 கவிதைகளைப் பொறுக்கி, ஆடிப்பெருக்கின் மூன்றாம் வடிவத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துக் காலி மெய்ப்புகள் வந்தன. ஊருக்குப் போகும் நண்பர்களிடம் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கொடுத்தனுப்புவேன். அடுத்து வருகிறவர் கையில் மறு மெய்ப்பு வரும். மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறை அனுப்பும்படி எழுதியபோது அச்சகத்தாரிடமிருந்து அட்டை வந்தது. ஈய எழுத்துகளை இத்தனை மாதம் கட்டி வைத்திருக்க முடியாது, வேறு வேலைக்குக் கலைத்துப் போட வேண்டும், அச்சிடலாமா, கலைக்கலாமா? 'அச்சிடுக' என்று தந்தி கொடுத்துவிட்டுத் தபால் நிலையத்தின் படியிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சொல்லைத் திருத்த வழியில்லை.

1988 கோடையில் ஹௌராவில் நான்கு கட்டுகளாக நூல்கள் வந்திறங்கின. வாடகை வண்டியிலேயே ஒரு கட்டைப் பிரித்தேன். ரவீந்திர பாலம் தாண்டுவதற்குள் ஆறு பிழைகள். வீடு வந்து கணக்கெடுத்தால் மொத்தம் 31. அவற்றுள் பெரும்பாலானவை கால், கொம்பு விழுந்தவை. ஒன்று மட்டும் நெஞ்சில் தைத்தது. 23ஆம் பக்கத்தில் 'கொல்லைப்புறத்து வாழை' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'கொல்லைப்புறத்து வாளை' என்றிருந்தது. மரம் மீனாகிவிட்டது! மகளின் வங்க எழுத்துத் தாளில் இரண்டும் ஒன்றுதான், சென்னையிலுமா?

உடனே பிழைதிருத்தச் சீட்டு ஒன்று தட்டச்சு செய்து படியெடுத்து வந்தேன். மைதாப் பசை காய்ச்சி, குடும்பமே உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினோம். நான் மட்டும் ஒவ்வொரு படியிலும் 23ஆம் பக்கத்தைத் திறந்து பேனாவால் ளகரத்தை ழகரமாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இரவு மகன்தான் கண்டுபிடித்தான். பிழைதிருத்தச் சீட்டிலேயே ஒரு பக்க எண் தவறு. என் முகம் போன போக்கைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "இந்தச் சீட்டு இல்லையென்றால் பிழை எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியப்போகிறது? நீங்களே ஊர் கூட்டிச் சொல்கிறீர்களே" என்றாள். அதுவரை 140 படிகளுக்கு ஒட்டியிருந்தோம். எஞ்சிய 360 படிகள் அப்படியே போயின.

ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு தமிழாசிரியர் எழுதினார். கொல்லைப்புறம் வரை வாளை மீன் துள்ளிவரும் நீர்வளத்தை ஒரே அடியில் காட்டிவிட்டீர்கள், பழம் புலவர்கள் வயலில் துள்ளும் வாளையைப் பாடியது நினைவுக்கு வந்தது என்று இரண்டு பக்கம் பாராட்டு. அவருக்கு என்ன விடை எழுதுவது? நன்றி என்று மட்டும் எழுதினேன். இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

விழாவில் நூலைக் கேட்ட அம்மையாரைத் தேடி லேக் பகுதியில் அவருடைய வீட்டுக்குப் போனேன். முந்தைய ஆண்டே மகனோடு பம்பாய்க்குக் குடிபோய்விட்டதாக அண்டைவீட்டார் கூறினர். முகவரி அவர்களிடமும் இல்லை. அவர் பெயருக்குக் கையொப்பமிட்ட படி இன்னும் என்னிடமே இருக்கிறது. மகள் அந்த நூலைத் தன் வங்கத் தாளோடு பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்கக் கற்றாள். வகரத்தை முதலில் பிடித்துக்கொண்டாள். ழகரம் வர ஓராண்டாயிற்று.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் நம் நகரத்துத் தேசிய நூலகத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே தமிழ்ப் பிரிவு ஒன்று உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுதி அங்கேதான் இருக்கிறது. என் நூலின் படியைச் சென்னை அச்சகத்தாரே நேராக அனுப்பிவிட்டிருந்தார்கள். சீட்டு ஒட்டாத படி; பேனா படாத படி. ஏட்டுச் சுவடிகளையும் அகராதிகளையும் ஆராய்ந்த பேரறிஞரின் நூல்களோடு ஒரே கூரையின் கீழ் என் வாளை மீன் நீந்திக்கொண்டிருக்கிறது என்னும் நினைப்பு என்னை விடவில்லை. 1991இல் ஒரு சனிக்கிழமை, சட்டைப்பையில் பேனாவோடு அலிப்பூருக்குப் போனேன். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம் என்று தெரிந்தே போனேன்.

பெல்வெடேர் மாளிகையின் படிப்பறையில் சீட்டு எழுதிக் கொடுத்து நெடுநேரம் காத்திருந்தேன். ஊழியர் நூலைக் கொண்டுவந்து வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு 23ஆம் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள். 'வாளை'யின் ளகரத்தின் மேல் மெல்லிய பென்சில் கோடு; ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு 'ழ'. யார் என்று அறிய வழியில்லை. இந்தப் பெருநகரத்தில் என் நூலைக் கேட்டு வாங்கி, 23ஆம் பக்கம் வரை படித்தவர் ஒருவர்.

மற்ற 30 பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றை அவர் தொடவில்லை. கண்ணில் படவில்லையோ, பட்டும் விட்டுவிட்டாரோ. பேனாவை எடுக்காமல் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிருகக்காட்சிசாலை வரை நடந்து வந்து பஸ் ஏறினேன்.